தண்ணீர் கேட்டோம், கையெழுத்துக் கேட்டீர்கள்: ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தின் அறக்கட்டளைக்குத் திறந்த மடல்

அறங்காவலர்களுக்கு,

உங்கள் அலுவலகத்திலிருந்து எங்கள் தலைமையாசிரியருக்கு வந்த கடிதம் மூன்றே வரி. ஆங்கிலத்தில் இருந்தது. அறக்கட்டளையின் முன்னுரிமைகள் மாற்றியமைக்கப்பட்டிருப்பதால் எங்கள் பள்ளியின் இரண்டாம் கட்டப் பணியை எடுத்துக்கொள்ள இயலவில்லை என்று சொல்லியிருந்தீர்கள். இரண்டாம் கட்டப் பணி என்றால் என்னவென்று அதில் கையெழுத்துப் போட்டவருக்குத் தெரியுமோ என்னவோ, நானே சொல்லிவிடுகிறேன். ஒரு போர்வெல், ஒரு மோட்டார், ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்று, தொட்டியிலிருந்து கழிப்பறைச் சுவர் வரைக்கும் பைப். அவ்வளவுதான்.

முதல் கட்டம் முடிந்து 2025 செப்டம்பர் வந்தால் இரண்டு வருஷம். நான்கு கழிப்பறைகள், வெள்ளை டைல்ஸ், தாழ்ப்பாள் வைத்த கதவுகள், கைகழுவ இரண்டு பேசின், முகப்பில் உங்கள் சேனல் நிறத்தில் ஆளுயரப் பெயர்ப்பலகை. பின்பக்கச் சுவரில், தண்ணீர் வர வேண்டிய பைப் ஒரு முழத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் வாயில் குளவி கூடு கட்டிவிடாமலிருக்க, கொத்தனார் ஒரு பால் பாக்கெட் உறையைச் சுற்றிச் சணல் கயிற்றால் கட்டிவிட்டுப் போனார். "தண்ணி வர்ற அன்னிக்குப் பிரிச்சிக்கலாம்" என்றார். அந்த உறை வெயிலில் வெளுத்து எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது. பிரிக்கிற நாள் வரவில்லை.

கழிப்பறைகள் பூட்டியிருக்கின்றன. சாவி தலைமையாசிரியர் மேசையில் இருக்கிறது. எங்கள் பெண்பிள்ளைகள் காலையில் தண்ணீர் குடிக்காமல் பள்ளிக்கூடம் போகிறார்கள். மாதவிலக்கு நாளில் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள், இல்லையென்றால் அன்றைக்குப் போவதே இல்லை.

நான் பேராவூரணிப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தையல் வேலை செய்கிறேன். மகள் எட்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர். ஊர்ப் பெயரையும் என் பெயரையும் இதில் போடவில்லை. போட்டால் ஒரு பிள்ளையை மறுபடியும் அடையாளம் காட்டியதாகிவிடும். அது ஏன் என்று கீழே சொல்கிறேன். உங்கள் நிறுவனத்தின் பெயரையும் எழுதவில்லை. எந்தப் பள்ளி, எந்தக் கடிதம் என்று உங்களுக்கே தெரியும்.

வாங்குவது எங்களுக்குப் புதிதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது எங்கள் பக்கத்துத் தென்னந்தோப்புகள் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டன. நெல் போனால் அடுத்த போகம் பார்க்கலாம், தென்னை போனால் கன்று வைத்து ஐந்தாறு வருஷம் வாய் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அந்த நாட்களில் எங்கிருந்தெல்லாமோ லாரி வந்தது. அரிசி, தார்ப்பாய், மெழுகுவத்தி, பிஸ்கட். இறக்கிவிட்டுப் போனவர்களில் பாதிப் பேர் எந்த ஊர் என்றுகூடச் சொல்லவில்லை. ஒரு லாரிக்காரர் மட்டும் குடிக்கத் தண்ணீர் கேட்டார். எங்களிடம் அதுவும் இல்லை, அவரே கேனை எடுத்து எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதனால், கொடுக்கிறவர்களைக் குறை சொல்லும் சுபாவம் எங்களுக்கு இருப்பதாக நினைத்துவிடாதீர்கள்.

அந்தப் புயலில் பள்ளிக்கூடத்துப் பழைய கழிப்பறையின் கூரை பறந்துபோனது. சுவர் மட்டும் நின்றது. 2022இல் மேலாண்மைக் குழுவைப் புதிதாக அமைத்தபோது நாங்கள் போட்ட முதல் தீர்மானம் கழிப்பறைதான். மனு மேல் மனு கொடுத்தோம். அப்போதுதான் யாரோ உங்கள் அறக்கட்டளையைக் கைகாட்டினார்கள். உங்கள் ஆட்கள் வந்தார்கள், டேப் வைத்து அளந்தார்கள், இரண்டு கட்டமாகச் செய்துதருவதாக எழுதி, உங்கள் திட்ட அலுவலரும் எங்கள் தலைமையாசிரியரும் கையெழுத்துப் போட்டார்கள். அந்தத் தாள் பத்திரமாக இருக்கிறது.

திறப்பு விழாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலை 9 மணிக்குப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தச் சொன்னீர்கள். விருந்தினர் வந்தபோது மணி 12.40. நடுவில் இரண்டு பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். சரி, விழா என்றால் அப்படித்தான், எந்த அரசு விழாவிலும் நடப்பதுதான் என்று பொறுத்துக்கொண்டோம். பொறுக்க முடியாதது வேறு. கேமரா வைத்திருந்தவர்களில் ஒருவர் ஏழாம் வகுப்புப் பக்கம் வந்து, "அப்பா இல்லாத பிள்ளை யாராவது இருக்கா?" என்று கேட்டார். வேறு எதையோ விசாரிப்பதுபோலத்தான் கேட்டார். பிள்ளைகளெல்லாம் ஒரு பெண்ணைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவளைத் தனியே கூட்டிப்போய், கழிப்பறைக் கதவுக்கு முன்னால் நிறுத்திப் பேசச் சொன்னார்கள். அப்பா எப்போது இறந்தார், அம்மா என்ன வேலை பார்க்கிறார், வீட்டில் கழிப்பறை இருக்கிறதா, இருட்டில் வெளியே போகும்போது பயமாக இருக்குமா. முதல் தடவை சிரித்துக்கொண்டே சொன்னாள், கேமராவைப் பார்த்த சந்தோஷம். இரண்டாவது தடவை வெளிச்சம் சரியில்லை என்றார்கள். மூன்றாவது தடவை "மெதுவாச் சொல்லும்மா, அப்பாவ நினைச்சிக்கிட்டுச் சொல்லு" என்றார்கள். நான்காவது தடவை அவள் நிஜமாகவே அழுதுவிட்டாள். "இது ஓகே" என்று சொல்லிவிட்டுக் கேமராவை மடக்கினார்கள். நான் பத்தடி தூரத்தில் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். போய்த் தடுக்கவில்லை. கழிப்பறை வந்துவிட்டதே என்கிற எண்ணம் வாயை அடைத்துவிட்டது. அந்தத் தப்பு என்னுடையது, உங்கள் கணக்கில் எழுதவில்லை.

அந்த வருஷத் தீபாவளிக்கு உங்கள் சேனலில் அந்த அழுகை வந்தது. பின்னால் வயலின். முகத்தை மறைக்கவில்லை. இரண்டு பட்டாசு விளம்பரத்துக்கும் ஒரு நகைக்கடை விளம்பரத்துக்கும் நடுவில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை வந்தது என்று நாங்கள் எண்ணவில்லை, பிள்ளைகள் எண்ணியிருக்கிறார்கள். விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் போனவளுக்கு "டிவி அழுமூஞ்சி" என்று பெயர் வைத்துவிட்டார்கள். கும்மிக்கு எப்போதும் முன்வரிசையில் நிற்கிறவள், அந்த ஆண்டுவிழாவில் மேடை ஏறமாட்டேன் என்றுவிட்டாள். காணொளியை எடுத்துவிடச் சொல்லி அவள் அம்மா சார்பில் குழுவிலிருந்து இரண்டு முறை எழுதினோம். பதில் இல்லை. அது இன்றைக்கும் இணையத்தில் இருக்கிறது.

2023 நவம்பர் கடைசியில், இரண்டாம் கட்டத்துக்கு இடம் பார்க்க என்று சொல்லித்தான் உங்கள் ஒருங்கிணைப்பாளர் வந்தார். நல்ல பையன், பக்கத்து வட்டாரத்துப் பிள்ளை, அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. கையில் ஒரு கட்டுத் தாள்.

"அக்கா, எல்லா அம்மாக்கள்ட்டயும் ஒரு கையெழுத்து மட்டும் வாங்கணும்."

"எதுக்குத் தம்பி, மோட்டாருக்கா?"

"இல்லக்கா, சேனலுக்கு ஒரு பிரச்சினை. டெல்லிக்கு அனுப்பணும். சும்மா பொதுமக்கள் கருத்துதான்."

ஒவ்வொரு தாளும் இரண்டு பக்கம், முழுக்க ஆங்கிலம். கீழே பெயர், ஊர், போன் நம்பர் எழுத இடம். தண்ணீருக்குத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து ஏழெட்டுப் பேர் அன்றைக்கே போட்டுக் கொடுத்துவிட்டார்கள். எழுதத் தெரியாத ஓர் ஆத்தா கைநாட்டு வைத்தார். நான் ஒரு தாளை மடித்து எடுத்துக்கொண்டு போய் ஆங்கில ஆசிரியையிடம் காட்டினேன்.

ஒன்றிய அரசு அந்த மாதம் 10ஆம் தேதி ஒளிபரப்புச் சேவைகள் ஒழுங்குமுறை மசோதாவின் வரைவை வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டிருந்தது. 1995ஆம் வருஷத்துக் கேபிள் டிவி சட்டத்துக்குப் பதிலாக வரப்போகும் சட்டம். அதன் சில பிரிவுகள் வேண்டாம், இன்னின்னதை மாற்ற வேண்டும் என்று எங்கள் வாயால் சொல்வதுபோல் எழுதியிருந்தீர்கள். "ஒரு தாயாக நான் கவலைப்படுகிறேன்" என்று அதில் ஒரு வரி இருந்ததாக ஆசிரியை சொன்னார். கவலைப்படுகிறேன்தான். ஆனால் அந்தத் தாளில் எழுதியிருந்த கவலை என்னுடையது இல்லை.

அப்புறம் ஆசிரியையின் உதவியோடு அந்த வரைவில் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு ஒளிபரப்பாளரும் நிகழ்ச்சிகளைச் சோதித்துச் சான்றளிக்க உள்ளடக்க மதிப்பீட்டுக் குழு வைக்க வேண்டும், ஓடிடிகளும் இதற்குள் வரும், எல்லாவற்றுக்கும் மேலே அரசு அமைக்கும் ஆலோசனைக் குழு ஒன்று இருக்கும். செய்தியும் கருத்தும் சொல்கிறவர்களை அரசு இறுக்கிப் பிடிக்க இது வழிவிடும் என்று பலர் பயந்தார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் படுகிறது. அதாவது, உங்கள் தாளில் இருந்ததில் பாதிக்கு நானே ஒத்துக்கொண்டிருப்பேன். ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் எங்களை உட்காரவைத்து, தமிழில், இது என்ன சட்டம், இதனால் எங்கள் சேனலுக்கு என்ன நஷ்டம், உங்களுக்கு என்ன நஷ்டம் என்று சொல்லியிருந்தால், விரும்பியவர்கள் தங்கள் சொந்த வார்த்தையில் எழுதியிருப்பார்கள். மதிப்பீட்டுக் குழுவை நீங்கள் எதிர்த்தீர்கள். அந்தப் பிள்ளையின் அழுகையை ஒளிபரப்பும் முன் நாலு பேர் உட்கார்ந்து பார்த்திருந்தால் தேவலையே என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு கருத்தும் டெல்லிக்குப் போயிருக்கலாம் இல்லையா?

குழுவைக் கூட்டிப் பேசினோம். கையெழுத்துப் போடுவதில்லை என்று முடிவு செய்தோம். ஏற்கெனவே போட்டவர்கள் தாளைத் திருப்பிக் கேட்டார்கள். தம்பி தலையைச் சொறிந்துகொண்டே, "மேல கேப்பாங்கக்கா" என்றார். சிலருடைய தாள் திரும்பி வந்தது, கைநாட்டு வைத்த ஆத்தாவுடையது வரவில்லை.

கையெழுத்துப் போடாததால்தான் தண்ணீர் வேலையை நிறுத்தினீர்கள் என்று எந்தத் தாளிலும் எழுதியில்லை. ஆனால் அதுவரை வாரத்துக்கு இரண்டு முறை வந்துகொண்டிருந்த போன் டிசம்பரிலிருந்து வரவில்லை. நாங்கள் கூப்பிட்டால் எடுப்பதில்லை. எழுதினால் பதில் இல்லை. ஒன்றரை வருஷம் கழித்து வந்தது அந்த மூன்று வரி.

இடையில் ஒரு கூத்து. உங்கள் பெயர்ப்பலகையில், திறந்துவைத்த விருந்தினரின் படமும் அவருடைய கட்சித் தலைவரின் படமும் இருக்கின்றன அல்லவா? 2024 மார்ச் 16 அன்று தேர்தல் நடத்தை விதிகள் அமலுக்கு வந்த இரண்டாம் நாளே ஜீப்பில் ஆள் வந்து, ஏணி போட்டு ஏறி, இரண்டு முகத்தின்மேலும் செய்தித்தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள். எங்கள் கழிப்பறைக்குத் தண்ணீர் வருவதற்கு முன்னால் தேர்தல் அதிகாரிகள் வந்துவிட்டார்கள். பசை நல்ல பசை, பாதித் தாள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். உங்கள் பேச்சிலும் பலகையிலும் "அன்பளிப்பு" என்று இருக்கிறது. என் தம்பி கும்பகோணத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் எனக்கு விளக்கினான். 2013ஆம் வருஷக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, 2014 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ இருக்கிற கம்பெனி, முந்தைய மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். உங்கள் நிறுவனம் அறக்கட்டளைக்குத் தருவது அந்தப் பணம்தான். கொடுக்கிற மனசை நான் குறைத்துச் சொல்லவில்லை. எந்த ஊருக்கு, எந்த வேலைக்கு என்று தேர்ந்தெடுப்பதில் உங்கள் மனசு இருக்கிறது. ஆனால் கொடுப்பதா வேண்டாமா என்பது சட்டம் முடிவு செய்த விஷயம். சட்டப்படி செலவிட வேண்டிய பணத்துக்கு ஒரு பிள்ளையின் கண்ணீரை ரசீதாக வாங்கிக்கொண்டீர்கள்.

அந்த விதிகளிலேயே இன்னும் சில இருக்கின்றன. கம்பெனியின் பொருளுக்கோ சேவைக்கோ விளம்பர லாபம் கிடைப்பதற்காகச் செய்யும் ஸ்பான்சர் வேலை இந்தக் கணக்கில் சேராது. 2014 ஜூன் 18 அன்று கம்பெனி விவகார அமைச்சகம் அனுப்பிய சுற்றறிக்கையில் மாரத்தான், விருது, விளம்பரம், தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு ஸ்பான்சர் செய்வது போன்ற ஒருநாள் வேலைகள் சேராது என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். டிவி என்று அவர்கள் எழுதியபோது உங்களைப் போன்றவர்களைத்தான் மனதில் வைத்திருந்தார்களோ என்னவோ. அரசியல் கட்சிக்குக் கொடுப்பதும் சேராது, அதற்கு 182ஆம் பிரிவில் தனி வழி இருக்கிறது. அறக்கட்டளைக்குக் கொடுத்த பணம் சொன்ன வேலைக்குத்தான் செலவானது என்று நிறுவனத்தின் தலைமை நிதி அதிகாரி சான்று தர வேண்டும். பல வருஷத் திட்டமென்றால், அந்த வருஷம் செலவாகாத பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவிட வேண்டும். 2021 ஜனவரியிலிருந்து இது இன்னும் கறார்.

உங்கள் நிறுவனத்தின் 2023-24 ஆண்டறிக்கையைத் தம்பி போனில் எடுத்துக் காட்டினான். சமூகப் பணிப் பட்டியலில் எங்கள் மாவட்டத்தின் பெயருக்கு எதிரே "பள்ளிச் சுகாதார வளாகம், குடிநீர் இணைப்புடன்" என்று இருக்கிறது. தொகை முழுவதும் செலவிடப்பட்டது என்றும் இருக்கிறது. பால் உறை கட்டிய அந்த பைப்பை நான் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அந்த வரிக்குச் சான்று கொடுத்தவருக்கு எந்த விலாசத்தில் அனுப்ப வேண்டும் என்று சொன்னால் அனுப்பிவைக்கிறேன்.

இன்னொன்று. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம், பெயரை வெளியே காட்டாமல் கட்சிகளுக்குப் பணம் கொடுக்க வழிவிட்ட தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்தது. யார் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வாக்காளருக்கு உரிமை இருக்கிறது என்று சொன்னது. கம்பெனிகள் கட்சிகளுக்குக் கொடுப்பது ஆதாயத்தை எதிர்பார்த்துச் செய்யும் வியாபாரப் பரிமாற்றம் என்றும் அந்தத் தீர்ப்பில் வருகிறது. எங்கள் ஊர்க் கையெழுத்து விவகாரத்தை இதோடு சேர்த்துத்தான் நான் பார்க்கிறேன். டெல்லியில் அந்தத் தாள்களைப் பிரித்துப் படிக்கிற அதிகாரிக்கு, ஒரு கிராமத்துத் தாய்மார்கள் ஒளிபரப்புச் சட்டத்தைப் பற்றி இவ்வளவு யோசித்திருக்கிறார்களே என்று தோன்றும். அவர்களுக்குப் பின்னால் ஒரு டிவி கம்பெனி நிற்பது தெரியாது. பணத்தில் பெயரை மறைப்பதை நீதிமன்றம் தப்பு என்றது. இங்கே எங்கள் பெயரைப் போட்டு உங்கள் பெயரை மறைத்தீர்கள்.

அறக்கட்டளைகள் அரசியலே பேசக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. தமிழ்நாட்டில் இருந்துகொண்டு அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். கைவண்டி ரிக்‌ஷாக்காரர்களுக்கு எம்.ஜி.ஆர். மழைக்கோட்டுக் கொடுத்த கதை கேட்டு வளர்ந்த ஊர் இது. சினிமாக் கொடையும் ஓட்டும் எப்படிப் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2019 ஜூலையில் ஒரு கல்வி அறக்கட்டளை விழாவில் நடிகர் சூர்யா தேசியக் கல்விக் கொள்கை வரைவைப் பற்றிப் பேசினார். எதிர்த்தவர்கள் எதிர்த்தார்கள், ஆதரித்தவர்கள் ஆதரித்தார்கள், வந்த வசவையும் அவரே வாங்கிக்கொண்டார். அவர் சொன்னது சரியா தப்பா என்பது வேறு பேச்சு. தன் வாயால், தன் பெயரில் சொன்னார். உதவி வாங்கிய பிள்ளைகளை வரிசையில் நிறுத்தித் தன் சார்பில் சொல்லவைக்கவில்லை. உங்களுக்கு ஒளிபரப்புச் சட்டத்தில் கருத்து இருந்தால், உங்களிடம் ஒரு சேனலே இருக்கிறது. எங்கள் வீட்டுக் கூடத்தில் 24 மணி நேரமும் நீங்கள்தான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அவ்வளவு பேச வாய்ப்பிருக்கிறவர்கள் கைநாட்டு வைக்கிற ஆத்தாவிடம் குரல் கடன் கேட்டது எனக்கு இன்னும் புரியவில்லை.

கழிப்பறைத் தண்ணீரை அரசிடம் போய்க் கேளுங்கள் என்று நீங்கள் சொல்லலாம். நியாயமான பேச்சுதான். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை என்று இருக்கிறது. 2012 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் எல்லாப் பள்ளிகளிலும் ஆறு மாதத்துக்குள் கழிப்பறை வேண்டும் என்று உத்தரவு போட்டது. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். கேட்டால் வருகிற பதில் என்ன தெரியுமா? "உங்கள் பள்ளிக்குத்தான் தனியார் அறக்கட்டளை செய்துவிட்டதே." உங்கள் ஆண்டறிக்கையின் ஒரு வரி எங்கள் மனுவை இரண்டு முறை திருப்பி அனுப்பியிருக்கிறது. நீங்கள் வராமலே இருந்திருந்தால் இந்நேரம் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஒரு மோட்டாராவது வந்திருக்கும்.

எங்களுக்கு வேண்டியதைச் சொல்கிறேன்.

ஜூன் முதல் வாரம் பள்ளிக்கூடம் திறக்கும் முன் இரண்டாம் கட்டத்தை முடித்துக் கொடுங்கள். கையெழுத்துப் போட்ட தாளில் இருக்கிறபடி, அதற்குமேல் ஒரு பக்கெட்கூட வேண்டாம். முடியாதென்றால், எங்கள் பள்ளியின் திட்டம் முடியவில்லை, பணம் இன்ன காரணத்தால் தரப்படவில்லை என்று மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுதிக் கொடுங்கள். அதை வைத்து நாங்கள் அரசிடம் வாங்கிக்கொள்கிறோம். ஆண்டறிக்கையில் எங்கள் மாவட்டத்துக்கு எதிரே இருக்கிற வரியையும் திருத்துங்கள்.

அந்தப் பிள்ளையின் காணொளியைச் சேனல், இணையம், ஆண்டு மலர், எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கிருந்தெல்லாம் எடுத்துவிடுங்கள். எடுத்தாயிற்று என்று அவள் அம்மாவுக்குக் கடிதம் கொடுங்கள். 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்ட பிள்ளை விஷயத்தில் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. அன்றைக்கு அவள் அம்மா நடவு வயலில் நின்றுகொண்டிருந்தார், யாரும் போய்க் கேட்கவில்லை. இனி உங்கள் உதவி வாங்குகிற எந்தப் பள்ளியிலும் பிள்ளையின் முகமோ வீட்டுக் கஷ்டமோ படம் பிடிக்கப்படாது என்று உங்கள் கொள்கையில் எழுதுங்கள். கட்டடத்தைப் படம் எடுங்கள், நன்றாகத்தான் கட்டியிருக்கிறீர்கள்.

எங்கள் ஊரில் வாங்கியதுபோல் எத்தனை ஊரில், எத்தனை பேரிடம் ஒளிபரப்பு மசோதாவுக்குக் கையெழுத்து வாங்கினீர்கள் என்று வெளியே சொல்லுங்கள். அவை உங்கள் நிறுவனம் தயாரித்துக் கொடுத்த கடிதங்கள் என்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு எழுதுங்கள். 2024 ஆகஸ்டில் அமைச்சகம் அந்த மசோதாவின் அடுத்த வரைவைத் திரும்பப் பெற்றுவிட்டது, இனிமேல் எதற்கு என்று கேட்காதீர்கள். அந்தத் தாளில் ஆத்தாவின் பெயரும் பெருவிரல் ரேகையும் பேரனின் போன் நம்பரும் இருக்கின்றன. அவரிடம் திருப்பிக் கொடுங்கள்.

இனி உங்கள் நிறுவனத்துக்கு எந்தச் சட்டத்தில், எந்தக் கட்டண விதியில், எந்தக் கட்சியில் என்ன கருத்து இருந்தாலும் அதை நிறுவனத்தின் பெயரில் சொல்லுங்கள். நலத்திட்டத்துக்கு வருகிற ஊழியரின் பையில் அந்தத் தாள் இருக்கக் கூடாது. பாவம், அந்தத் தம்பியும் வேலைக்குப் பயந்து கொண்டுவந்தவர்தான். எங்களுக்காக அவரை வேலையைவிட்டு எடுத்துவிடாதீர்கள். பெயர்ப்பலகையில் இருக்கிற இரண்டு படத்தையும் அகற்றுங்கள். உங்கள் பெயர் இருக்கட்டும், ஆட்சேபம் இல்லை.

போர், மோட்டார், தொட்டி, பைப், கூலி எல்லாவற்றுக்கும் பட்டுக்கோட்டையில் இரண்டு கடையில் விலை எழுதி வாங்கி வைத்திருக்கிறோம். நகலைத் தலைமையாசிரியர் மூலம் அனுப்பியிருக்கிறோம். பதிலையும் அவர் பெயருக்கே அனுப்புங்கள். தமிழில் அனுப்புங்கள், குழுக் கூட்டத்தில் எல்லாருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்,
பேராவூரணி வட்டாரம், தஞ்சாவூர் மாவட்டம்.
மே 2025